சுவரோரப் பாத்தி

ஜூலை 3

அத்தைக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் உங்களுக்குக் கோபம் இன்னும் ஏறும் என்று தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இது மன்னிப்புக் கடிதம் இல்லை. உங்களிடமிருந்தும் அப்படியொன்றை நான் எதிர்பார்க்கவில்லை. தோட்டத்தைப் பற்றி ஒரு விவரம் கேட்கத்தான் எழுதுகிறேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நாம் இரண்டு பேரும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஒழுங்காகப் பேசியதில்லை.

நீங்கள் கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்கு, அண்ணியிடம் கிளம்பிப் போன மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. பின்பக்கம் முழுக்கப் புல். துணி காயப்போடும் கம்பிக்குப் போவதற்குள் புடவை முழங்கால் வரை நனைந்துவிடுகிறது. அதைப் பற்றிக் கவலை இல்லை. சுவரோரப் பாத்திதான் கவலை.

உங்கள் பிள்ளை போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பாத்தியைக் கொத்தி, சட்டைப் பையிலிருந்து விதையை எடுத்துத் தூவி, பூவாளியால் தண்ணீர் தெளித்ததைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன விதை என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாக அன்று தோன்றவில்லை. மறுநாள் லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இப்போது அந்தப் பாத்தியில் என்னென்னவோ முளைத்து நிற்கிறது. எது அவர் போட்டது, எது தானாக வந்தது என்று எனக்குப் புரியவில்லை. அதனால் எதையும் தொடவில்லை. பக்கத்து வீட்டு வாத்தியார் வந்து மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு பேசினார். "உங்க வீட்டு விதையெல்லாம் பறந்து நம்ம பக்கம் வருதும்மா. மாசக் கடைசியில ஆள் வச்சு களை மருந்து அடிக்கப் போறேன். சுவருக்கு உங்க பக்கமும் சேர்த்து அடிச்சிட்டா உங்களுக்கும் வேலை மிச்சம். பச்சைன்னு ஒண்ணு இருக்காது, எல்லாம் கருகிடும்" என்றார். உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார். வேண்டாம் என்றேன். "அப்ப அதுக்குள்ள நீங்களே சுத்தம் பண்ணிடுங்க" என்றார்.

அவர் போட்டது எதுவோ அது கருகிவிடக் கூடாது. அவ்வளவுதான். களையை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சுருக்கமாக எழுதினால் போதும்.

உங்கள் மருமகள்

*

ஜூலை 6

மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்தலையைத் தலைகீழாக ஒட்டியிருந்தாய். தபால் ஆபீசில் அடுத்தவர் கடிதத்தைத் தெருத் தெருவாகப் பிரித்துப் போட்டே கிழவியானவள் நான். என் கண்ணுக்கு முதலில் அதுதான் தெரியும்.

மன்னிப்புக் கடிதம் இல்லை என்று எடுத்த எடுப்பிலேயே எழுதிவிட்டாய். நல்லது. ஆனால் அன்று நீ சொன்னது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. "உங்க பிள்ளை போட்டதை நீங்களே பிடுங்கி எறிஞ்சிட்டீங்களே, நீங்கல்லாம் ஒரு தாயா?" வாசலில் கேஸ் சிலிண்டர்காரன் நின்றுகொண்டிருந்தான். அவன் சிலிண்டரை ஓசைப்படாமல் இறக்கி வைத்துவிட்டுப் போனான். அந்த மனிதன் அதுவரை நம் வீட்டில் எதையும் ஓசைப்படாமல் இறக்கி வைத்ததே கிடையாது.

நான் பிடுங்கியது கோரை. கோரையைத் தவிர ஒரு துரும்பைக்கூடத் தொடவில்லை. என் பிள்ளை தன் கையால் கொத்திப் போட்ட மண்ணில் கோரை தலையை நீட்டியது எனக்குப் பொறுக்கவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் கையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள், சொல். நீயோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறாய். உனக்கு எக்ஸ்ரே மிஷின் இருக்கிறது. எனக்கு அந்த நாலடி மண்தான் இருந்தது. அதையும் செங்கல் வைத்து வேலி கட்டிவிட்டாய்.

வாத்தியார் வீட்டம்மா போன் பண்ணினாள். நீ காலையும் மாலையும் நேரம் தவறாமல் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறாயாமே. களைக்குத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிற வீடு இந்த உலகத்தில் நம் வீடு ஒன்றாகத்தான் இருக்கும். ஊரில் உள்ளவர்கள் எலும்பையெல்லாம் உள்ளே புகுந்து பார்த்துச் சொல்கிறவளுக்குக் கண்ணெதிரே நிற்கிற களை தெரியவில்லை!

சரி, கேட்டதற்குச் சொல்கிறேன். தூவின விதை ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஒன்றைப்போல ஒன்று முளைக்கும். அண்ணன் தம்பி மாதிரி முகஜாடை இருக்கும். களை அப்படி இல்லை, கண்ட இடத்தில் கண்ட உயரத்தில் நிற்கும். அப்படியும் புரியவில்லை என்றால் ஒவ்வொன்றிலும் ஒரு கொழுந்தைக் கிள்ளி அனுப்பு. சும்மா உறைக்குள் போட்டால் முத்திரை குத்துகிற இடத்தில் கூழாகிவிடும். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து நூல் சுற்றி அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

இங்கே சௌகரியத்துக்குக் குறைவில்லை. நாலாவது மாடி. மாப்பிள்ளை பால்கனியில் பிளாஸ்டிக் செடி வாங்கி வைத்திருக்கிறார். லீவு நாள் வந்தால் ஈரத் துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைக்கிறார். களையே வராத தோட்டம்.

அத்தை

*

ஜூலை 10

அத்தைக்கு,

நீங்கள் சொன்னபடி அட்டைக்கு நடுவில் வைத்து நான்கு கொழுந்துகள் அனுப்புகிறேன். எக்ஸ்ரே படத்தில் இடது, வலது என்று குறிப்பது எங்கள் வழக்கம். பாத்தியையும் அப்படியே குறித்திருக்கிறேன். இடது ஓரம் முழுக்க இருப்பது புல் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. நடுவில் இருப்பது கொத்தமல்லி இலை மாதிரி வெட்டுவெட்டாக, பார்க்க அழகாக இருக்கிறது, அதுதான் அவர் போட்டதாக இருக்கும் என்று நினைக்கிறேன். வலது பக்கம் தரையோடு படர்ந்து ஓடுவது ஒன்று. கிள்ளினால் பால் வடிகிற சின்னச் செடி ஒன்று. சுவரை ஒட்டி இன்னும் சிலது இருக்கின்றன, அவை மிகவும் குட்டியாக இருக்கின்றன.

அண்ணி போன் பண்ணும்போதெல்லாம், "அழுதியா? அழுதுடும்மா, மனசு லேசாயிடும்" என்கிறார்கள். மருந்து சாப்பிட்டாயா என்று கேட்பது மாதிரிக் கேட்கிறார்கள். வரவில்லை. வராததற்கு நான் என்ன செய்வது? வெங்காயம் நறுக்கும்போதுகூட வரவில்லை. எதைச் சாப்பிட்டாலும் ஒரே ருசியாக இருக்கிறது. பசி என்றும் ஒன்று எடுப்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறேன்.

நேற்று ஒரு பெரியவரை நெஞ்சுப் படத்துக்கு நிறுத்தி, "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிப் படமும் எடுத்துவிட்டேன். மூச்சை விடச் சொல்ல மறந்துவிட்டேன். அடுத்த ஆளின் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் பாவம், கன்னம் உப்பி, கண் சிவந்து, அப்படியே நிற்கிறார். கடைசியில் "விட்டுடலாமா?" என்று கையை ஆட்டிக் கேட்டார். நர்ஸ் சிரித்துவிட்டார். நானும் சிரித்திருக்க வேண்டும். பெரிய டாக்டர் கூப்பிட்டு லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். லீவு எடுத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டேன்.

அவரையும் அன்று இங்கேதான் கொண்டு வந்தார்கள். நான் டியூட்டியில் இருந்தேன். நெஞ்சுப் படம் எடுக்க வேண்டியிருக்கும் என்று தகட்டைத் தயாராக எடுத்து வைத்தேன். "தேவையில்லம்மா" என்றார் டாக்டர். நான் தகட்டைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டு வெளியே போய் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டேனாம். நர்ஸ் பிறகு சொன்னார். எனக்கு அது ஞாபகம் இல்லை.

கொழுந்துகளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மருமகள்

*

ஜூலை 14

மருமகளுக்கு,

நான்கும் வாடினாலும் கசங்காமல் வந்தன. கட்டத் தெரிந்திருக்கிறது உனக்கு.

நான்கும் களை. இடது ஓரத்தில் நிற்பது கோரை. தண்டை விரலில் உருட்டிப் பார், உருளாது, மூன்று பட்டையாக இருக்கும். அதைக் கையால் இழுத்தால் மேலே உள்ளது மட்டும் வரும், அடியில் கிழங்கு நின்றுவிடும், ஒன்று இருந்த இடத்தில் நாலாக வரும். மண் ஈரமாக இருக்கும்போது களைக்கொத்தை ஆழமாக இறக்கிக் கிழங்கோடு எடு. கிழங்கிலிருந்து நூல் மாதிரி ஒன்று ஓடும், அதன் பின்னாலேயே போனால் அடுத்த கிழங்கு இருக்கும். நீ கொத்தமல்லி மாதிரி அழகாக இருக்கிறது என்று எழுதியது பார்த்தீனியம். அழகைப் பார்த்தா வைத்துக்கொள்வது? வெறும் கையால் தொடாதே, அரிப்பு எடுக்கும், உன் ஆஸ்பத்திரிக் கையுறையைப் போட்டுக்கொள். பூக்கிறதற்கு முன்னால் வேரோடு எடுத்துவிடு. தரையில் ஓடுவது அருகு. அதைக் கொத்திக் கொத்தித் துண்டு போடாதே, ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டு எழுந்துவிடும். கயிறு சுருட்டுவதுபோல நுனியிலிருந்து சுருட்டிக்கொண்டே போ. பால் வடிகிறதே, அது அம்மான் பச்சரிசி, சாதுவான களை, இழுத்தால் வந்துவிடும்.

பாத்தியைத் தவிர மற்ற இடத்தில் இத்தனை பாடு வேண்டாம். தரையோடு அறுத்துவிட்டு, லிஃப்ட் சாமான் வந்த அட்டைப் பெட்டிகள் மாடிப்படிக்குக் கீழே கிடக்கும், அவற்றைப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் பரப்பித் தண்ணீர் தெளி. மேலே காய்ந்த சருகைக் கொட்டி மூடு. வெளிச்சம் இல்லையென்றால் எந்தக் களையும் எத்தனை நாளைக்கு வீம்பு பிடிக்கும்?

நீ தகட்டைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பிறகு எடுத்து மறுபடி படித்தேன். இதை நீ என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். ஒன்றும் செய்திருக்க மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அவன் என்ன விதை போட்டான் என்று எனக்கும் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே சொல்லியிருக்க மாட்டேனா? யாராவது எதையாவது கொடுத்தால் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். "பேர் எழுதி வைடா" என்று நானும் தலைதலையாக அடித்துக்கொண்டிருக்கிறேன். "முளைச்சா தெரிஞ்சிடும்மா" என்பான். மிளகாய் என்று போட்டது கத்தரியாக வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். காய்க்கிற வரைக்கும் அது மிளகாய்தான் என்று சாதித்தான்.

ஒன்று சொல்லி வைக்கிறேன். விதையை மழை அடித்துக்கொண்டு போயிருக்கலாம். எறும்பு தூக்கியிருக்கலாம். அவன் போட்டது முளைக்காமலேயே போயிருக்கலாம். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள். ஆறுதலுக்காகப் பொய் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. களையைக் களை என்றுதான் எழுதுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அத்தை

*

ஜூலை 20

அத்தைக்கு,

இந்த வாரம் முழுக்க ராத்திரி டியூட்டி வாங்கிக்கொண்டு பகலில் களை எடுத்தேன். முதல் நாள் அவசரப்பட்டுக் கோரையைக் கையால் இழுத்தேன். சுலபமாக வருகிறதே என்று சந்தோஷமாக, சந்தோஷம் இல்லை, திருப்தியாக இருந்தது. அடுத்தடுத்த நாளில் அதே இடத்தில் ஊசி ஊசியாக நிற்கிறது. பிறகு நீங்கள் எழுதியபடி கொத்தை இறக்கிக் கிழங்கோடு எடுத்தேன். நூலைப் பிடித்துக்கொண்டே போனால் ஒன்று முடிகிற இடத்தில் இன்னொன்று ஆரம்பிக்கிறது. ஒரு பழைய சட்டி நிறையக் கிழங்கு சேர்ந்தது. என் விரல் நகங்களைப் பார்த்து நர்ஸ் முகம் சுளித்தார்.

பார்த்தீனியத்தைக் கையுறை போட்டு எடுத்துவிட்டேன். அதை எடுக்கும்போது கொஞ்சம் கை தயங்கியது. அதுதான் அவர் போட்டது என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதற்குத்தான் நிறையத் தண்ணீர் ஊற்றியிருந்தேன்.

அட்டைப் பெட்டிகளையும் பரப்பிவிட்டேன். ஒன்றில் அவர் கையெழுத்தில் "உடையும், மெதுவா" என்று எழுதியிருந்தது. எழுத்து அடிப்பக்கம் போகிற மாதிரித் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்தேன்.

சுவரை ஒட்டியிருந்த குட்டிச் செடிகளில் நீங்கள் சொன்ன நான்கு வகையும் போக ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது. ஒரு சாண் உயரம் வந்துவிட்டது. ஒரு காம்பில் ஐந்து இலை, விரித்த கை மாதிரி. தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. லேசாக வாசனை வருகிறது, நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியவில்லை. முகஜாடை எல்லாம் பார்க்க இதற்கு அண்ணன் தம்பி யாரும் இல்லை. இலை ஒன்றை வைத்திருக்கிறேன்.

வாத்தியார் மருந்து அடிக்கிற ஆளுக்குச் சொல்லிவிட்டார். அந்த ஆள் வருவதற்குள் உங்கள் பதில் வந்துவிட்டால் நல்லது. அவர் போட்டது என்று நீங்கள் எழுதினால் வாத்தியாரோடு சண்டைக்கு நிற்பேன். களை என்று எழுதினால் பிடுங்கிவிடுவேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் காவல் காக்க ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் ஒரு அறை காலியாக இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்வேன்.

மருமகள்

*

ஜூலை 24

அத்தைக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். நீங்கள் வீணாக யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்று காலை டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். தினமும் நிற்கிற அதே நிறுத்தம்தான். சாக்கடை ஓரமாக அந்தச் செடி வரிசையாக நிற்கிறது. அதே ஐந்து இலை. கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன், அதே பிசுபிசுப்பு. உட்காருகிற பெஞ்சுக்கு அடியில் ஒன்று. கழிப்பறைச் சுவரில் சிமெண்ட் வெடித்த இடத்தில் ஒன்று. சாக்கடை ஓரத்தில் நின்றதெல்லாம் மஞ்சளாகப் பூத்திருக்கிறது. அவற்றின் நிழலில் ஒரு நாய் படுத்திருக்கிறது. அவர் இத்தனை இடத்திலும் போய் விதை தூவியிருக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் பிடுங்கிவிட்டேன். கொத்து வேண்டியிருக்கவில்லை. இழுத்ததும் வேரோடு வந்தது. குப்பை வண்டி வருகிற நேரம், அப்படியே வண்டியில் போட்டுவிட்டேன். கையைக் கழுவினேன். முதலில் பிசுபிசுப்பு போகவில்லை, சோப்பு போட்டதும் போய்விட்டது. ஏதாவது தோன்றும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

பாத்தி இப்போது சுத்தமாக இருக்கிறது. ஒரு களை கிடையாது. வேறு ஒன்றும் கிடையாது. நீங்கள் சொன்னதுதான் சரி, அவர் போட்டது முளைக்கவில்லை. வாத்தியார் தாராளமாக மருந்து அடித்துக்கொள்ளட்டும். குடியிருப்பு அறைக்கு நாளை மறுநாள் கேட்கப் போகிறேன். வீட்டுச் சாவியை அண்ணிக்கு அனுப்பிவிடுகிறேன். நீங்கள் திரும்பி வருவதானால் என்னால் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது.

அன்று சிலிண்டர்காரர் முன்னால் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

மருமகள்

*

ஜூலை 24

அம்மாடி,

இலை வந்தது. அட்டையோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. ஊதி ஊதிப் பிரித்தேன்.

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தும் பார்த்தேன். இது அவன் போட்டதுதான். சந்தேகமே இல்லை. இது பூச்செடி. மஞ்சளாகப் பூக்கும். பெயர் என்ன என்று கேட்காதே, நாக்கு நுனியில் நிற்கிறது, வெளியே வரவில்லை. இந்த விதையை அவன் என்னிடம்தான் வாங்கிக்கொண்டு போனான். இப்போதுதான் ஞாபகம் வந்தது. வயதாகிவிட்டது, எல்லாம் மறந்துபோகிறது. என்னிடம்தான் வாங்கினான். "அவளுக்குப் பூ பிடிக்கும்மா" என்று சொன்னான்.

அதனால் நீ அதைப் பிடுங்காதே. பிடுங்காதே என்று மறுபடியும் எழுதுகிறேன். வாத்தியார் ஏதாவது சொன்னால் அத்தை எழுதியிருக்கிறார்கள் என்று சொல். அந்த மனிதர் மருந்தைச் சுவருக்கு அந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் எல்லாம் போய் இருக்க வேண்டாம். உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

மாப்பிள்ளையிடம் டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். செடி எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் வருகிறேன். வேறொன்றும் நினைத்துக்கொள்ளாதே.

அத்தை

*

ஜூலை 28

அத்தைக்கு,

நம் இரண்டு பேர் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உங்களுடையது நேற்று முன்தினம் காலையில் வந்தது. என்னுடையதும் உங்களுக்கு அன்றைக்கே வந்திருக்கும். படித்துவிட்டுக் கூசிப்போய் உட்கார்ந்திருப்பீர்கள். கூச வேண்டாம்.

நான் வாசல் கேட்டிலேயே நின்று படித்தேன். இரண்டு தடவை படித்தேன். உங்களுக்குப் பொய் சொல்ல வராது அத்தை. அவர்கூடச் சொல்வார். பெயர் நாக்கு நுனியில் நிற்கிறதாம்! களையின் பெயர் உங்கள் நாக்கு நுனியில் நின்று நான் பார்த்ததே இல்லை. இந்த வயதில் எனக்காகப் பழகிக்கொண்டிருக்கிறீர்கள்.

குடியிருப்பு அறையைக் கேட்பதற்காக ஏற்கெனவே புடவை மாற்றியிருந்தேன். போகவில்லை. களைக்கொத்தையும் ஒரு பிளாஸ்டிக் வாளியையும் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒரு அம்மா, "என்னம்மா, மருந்துக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாய் எழுந்து கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொண்டது. இருந்ததிலேயே நல்ல செடியாக, பூ விட்டதாகப் பார்த்து, வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்து வாளியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் வாளிக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

சுவரோரப் பாத்தியில் நட்டுவிட்டேன். நீங்கள் எழுதிவிட்டீர்கள், எழுதினது பொய்யாகப் போகக் கூடாது. நீங்கள் பார்க்க வருகிறபோது பார்ப்பதற்கு ஒன்று இருக்க வேண்டும்.

நேற்று மருந்து அடிக்கிற ஆள் முதுகில் டப்பாவை மாட்டிக்கொண்டு வந்தார். நான் பாத்திக்கு முன்னால் போய் நின்றேன். வாத்தியார் மதில்மேல் எட்டிப் பார்த்தார். "இது நாய்க்கடுகும்மா. ரோடெல்லாம் கிடக்கு. இதுக்கா இவ்வளவு காவல்?" என்றார்.

"இது எங்க வீட்டுக்காரர் போட்டது சார்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியலம்மா. இது வெறும் களை."

"அத்தை எழுதியிருக்காங்க சார். அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். அவர் என்னையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்த ஆளிடம், "இங்க வேண்டாம்பா, நீ முன்பக்கம் போய் அடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சாயங்காலம் அவர் வீட்டம்மா மதில் வழியாக ஒரு கைப்பிடிச் சருகு உரம் கொடுத்தார். செடிக்கு அடியில் போட்டேன்.

அழுதாயா என்று கேட்டுவிடாதீர்கள். இல்லை. ஆனால் நேற்று ராத்திரி பசித்தது. கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்துபோய்ச் சாப்பிட்டேன். உப்பு கூடியிருந்தது.

செடிதான் நேற்றிலிருந்து துவண்டு நிற்கிறது. பூவும் உதிர்ந்துவிட்டது. பயமாக இருக்கிறது. இது எனக்கு வேண்டும் அத்தை. என்ன செய்வது என்று உடனே எழுதுங்கள்.

மருமகள்

*

ஜூலை 30

அம்மாடி,

கார்டில் எழுதுகிறேன், இடம் போதாது. டிக்கெட் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை காலை வண்டி.

போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. டியூட்டியில் இருந்திருப்பாய். இன்னும் எத்தனை நாளைக்கு ராத்திரி டியூட்டி?

இடம் மாற்றி நட்ட எதுவும் ஒரு வாரம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் நிற்கும். பூவும் இலையும் உதிர்க்கும். வேர் பிடிக்கிற வரைக்கும் அதற்கு வேறு வழி இல்லை. மதிய வெயில் படாமல் பழைய துணி ஒன்றை நிழலுக்குக் கட்டு. தண்ணீர் காலையில் மட்டும் ஊற்று. உன் கையை வைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊற்றாதே. செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதே. அடிக்கடி தொட்டும் பார்க்காதே. பக்கத்தில் வேறு களை வந்தால் மட்டும் எடுத்துவிடு.

வந்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தை